கோழிக்குஞ்சுக்குச் சமைத்தவன்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், சமையல் வராது. தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம் வரும்வரை இந்த இரண்டையும் நான் குறையாக நினைத்ததில்லை. ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் டேனரியில் டிஸ்பாட்ச் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வேலைக்குக் கோபம் உதவியாகவே இருந்தது. லாரிக்காரர்களிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தால் சரக்கு நேரத்துக்குத் துறைமுகம் போய்ச் சேராது. சமையலுக்கு மனைவி இருந்தாள். அவள் இல்லாத வேளைக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மெஸ் இருந்தது.

மனைவி வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை, மதியம், இரவு என்று டூட்டி மாறி மாறி வரும். இரவு டூட்டி வாரத்தில் அவள் வீட்டுக்குள் நுழையும்போது நான் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பேன். வாசற்படியில் பார்த்துக்கொள்வோம். இது ஒரு குறையாகவும் தெரியவில்லை. அவள் உண்டான பிறகுதான் தெரிந்தது.

"கொழந்த பொறந்தா அம்மாகிட்ட விட்டுடலாம்ங்க. ஸ்கூல்ல சேக்கற வயசு வந்ததும் கூட்டியாந்துக்கலாம்" என்று ஒரு நாள் சாதாரணமாகச் சொன்னாள்.

அவளுடைய அம்மா வீடு ஜோலார்பேட்டையில். மாமனார் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், அத்தை வீட்டோடு இருந்தார். அவளோடு வேலை பார்த்த பல நர்ஸுகளின் பிள்ளைகள் அப்படித்தான் அம்மா வீட்டில் வளர்ந்தன. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போய், பிஸ்கட் பாக்கெட்டை நீட்டி, பிள்ளை நம்மை யாரோ ஒரு மாமா என்று நினைத்து அத்தையின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதைப் பார்த்துவிட்டு, சாயங்கால வண்டியில் திரும்பி வர என்னால் முடியாது.

"என் புள்ள என் வீட்லதான் வளரும்" என்றேன்.

"வளரட்டும். பகல்ல பக்கத்து வீட்டு ஆபா பாத்துப்பாங்க, அவங்களே சொல்லிட்டாங்க. எனக்கு நைட் டூட்டின்னா?"

"நான் இருக்கேன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். போன வருஷம் ஒரு வாரம் பயிற்சிக்குப் போனபோது என் பொறுப்பில் விட்டுப் போன மணி பிளாண்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததே போதுமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அவளுடைய பழுப்புக் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. நாட்டுக்கோழி, அவள் ஆசையாக வாங்கி வந்தது. வளைகாப்பு முடிந்து அவளை அம்மா வீட்டுக்கு அழைத்துப்போகிற அதே வாரத்தில் குஞ்சு பொரித்தது. பதினோரு குஞ்சுகள். ஆம்பூர் ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருக்கும்போது அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நான் வர்றவரைக்கும் இதுங்கள ஒழுங்கா பாத்துக்குங்க. அப்பறம் கொழந்தயப் பத்திப் பேசலாம்."

அத்தையும் சிரித்தார். அவர்களுக்கு விளையாட்டு. எனக்கு அது பரீட்சையாகவே பட்டது. அதுவும் சுலபமான பரீட்சை என்று நினைத்தேன். தாய்க்கோழி இருக்கும்போது எனக்கென்ன வேலை? கொல்லைக் கதவைத் திறந்துவிட வேண்டும், மூட வேண்டும். அவ்வளவுதான்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, கொல்லைக் கதவை மூட மறந்து மெஸ்ஸுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது துவைக்கிற கல்லைச் சுற்றிப் பழுப்பு இறகுகள் கிடந்தன. தெருநாய் கோழியைத் தூக்கிப் போய்விட்டது. குஞ்சுகள் மட்டும் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தன. எண்ணிப் பார்த்தேன், பதினொன்றும் இருந்தன.

ஆனாலும் விடவில்லை. எங்கள் ஊரில் ஷூ கம்பெனி அட்டைப்பெட்டி இல்லாத வீடு கிடையாது. பரணில் கிடந்த ஒன்றை இறக்கி, மேலே துளை போட்டு ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் தீவனக் கடையில் குஞ்சுகளுக்கென்றே விற்கிற ஸ்டார்ட்டர் வாங்கினேன். மாவு மாதிரி மஞ்சளாக இருந்தது. குஞ்சுகள் பாய்ந்து தின்றன. அடியில் பரப்ப எல்லோரும் உமி வாங்குவார்கள். நான் உமிக்கு அலையவில்லை. டேனரியில் தோலின் கனத்தை ஒரே சீராக்க மெஷினில் விட்டுச் சீவுவார்கள். சீவி விழுகிற தூளும் சீவலும் வெளிர்நீலத்தில் மெத்தென்று இருக்கும். பட்ட ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். தினமும் மலைபோலக் குவிந்து, யாரும் கேட்பாரில்லாமல் கிடக்கும். ஒரு சாக்கு நிறைய அள்ளி வந்து பெட்டியில் பரப்பினேன். குஞ்சுகள் அதில் கால் புதைய நடந்ததைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. இந்த யோசனை வேறு யாருக்கு வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வேறு யாருக்கும் வந்திருக்காது என்பது உண்மைதான்.

ஒரு வாரம் நன்றாகப் போனது. பிறகு ஒரு குஞ்சு இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. மறுநாள் காலை அது செத்துக் கிடந்தது. அதற்கடுத்து இன்னொன்று. மூன்றாவதும் போனபோது எனக்குப் பொறுக்கவில்லை. மீதியிருந்த தீவனப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போனேன்.

"இன்னா தீவனம் விக்கறீங்க? குஞ்சு ஒண்ணொண்ணா சாவுது."

கடைக்காரர் நிதானமான மனிதர். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. "நம்ம கடையில பண்ணைக்காரங்க மூட்டை மூட்டையா எடுக்கறாங்க சார். அங்கெல்லாம் சாவல. உங்க வீட்ல மட்டும் சாவுதுன்னா இன்னா அர்த்தம்?"

"இன்னா அர்த்தம்? நீங்களே சொல்லுங்க."

"வளக்கத் தெரியாதவன் கையில கோழி கீதுன்னு அர்த்தம்."

அந்த வார்த்தையை வேறு எதைப் பற்றிச் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன். பொட்டலத்தைத் தராசுத் தட்டில் கொட்டினேன். "இத நீங்களே தின்னுங்க. இனிமே உங்க கடைப் படி ஏறினா என்ன ஏன்னு கேளுங்க" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்திவிட்டு வந்தேன்.

பாதி தூரம் நடந்த பிறகுதான் உறைத்தது. ஊரில் எனக்குத் தெரிந்த இன்னொரு தீவனக் கடை அவருடைய தம்பியுடையது. நான் போய்ச் சேருவதற்குள் என் புகழ் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். மன்னிப்புக் கேட்கலாம்தான். கேட்கிற ஆளாக இருந்தால் கத்தியே இருக்க மாட்டேனே. வீம்புக்கு வயிறு கிடையாது. குஞ்சுகளுக்கு இருந்தது. அன்று சாயங்காலம் அவை என்னைப் பார்த்துக் கத்தின. அலமாரியில் அவள் விட்டுப் போன நொய்யரிசி இருந்தது. ஸ்டவ்வைப் பற்ற வைத்தேன்.

"இன்னா தம்பி, பொகை வருது? ஸ்டவ் கிவ் வெடிச்சுதா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஆபா கேட்டார். எங்கள் வீட்டை ஒட்டிய வீடு. உருது பேசுகிற குடும்பம்; ஆபா என்றால் அக்கா. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். மனைவி ஆபா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கும் ஆபா ஆகிவிட்டார்.

"சமைக்கறேன் ஆபா."

"யாருக்கு?"

"கோழிக்கு."

சுவருக்கு மேலே தலை தெரிந்தது. "கட்டின பொண்டாட்டிக்கு ஒரு நாளு டீ போட்டுக் குடுத்துருப்பியா? இப்ப கோழிக்குச் சமையலா?" என்று சிரிக்கத் தொடங்கியவர், உள்ளே போய்த் தன் மகள்களையும் அழைத்து வந்து காட்டினார்.

என் முதல் சமையல் பசையாக வந்தது. தண்ணீர் ஜாஸ்தி. தட்டில் ஊற்றியதும் குஞ்சுகள் அதன்மேலேயே ஏறி நடந்தன. கொஞ்ச நேரத்தில் எல்லாவற்றுக்கும் காலிலும் அலகிலும் நொய் ஒட்டிக் காய்ந்துபோனது. ஒவ்வொன்றாகப் பிடித்து வெதுவெதுப்பான தண்ணீரில் காலைக் கழுவிவிட்டேன். ஆபா சுவரிலிருந்து நகரவே இல்லை. கடைசியில் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "முட்டய அவிச்சு மஞ்சக்கருவ உதுத்துப் போடு. சின்னதுங்களுக்கு அதான் தெம்பு" என்றார்.

"கோழிக்கு முட்டையா ஆபா? கூடப் பொறந்ததயே திங்கச் சொல்றீங்களே."

"அதுக்குத் தெரியவா போவுது? நீ சொல்லாம இருந்தா சரி."

மறுநாள் காலை மஞ்சள்கருவைத் துருவிப் பெட்டிக்குள் தூவிவிட்டு வேடிக்கை பார்த்தேன். அப்போதுதான் அதைக் கண்டேன். ஒரு குஞ்சு மஞ்சள்கருவைத் தொடவே இல்லை. நீலமாக எதையோ அலகில் கவ்விக்கொண்டு ஓடியது. மற்றவை அதைப் பிடுங்கத் துரத்தின. நீளமான ஒரு தோல் சீவல். நான் கையை விடுவதற்குள் விழுங்கிவிட்டது. குஞ்சைப் பிடித்துத் தொட்டுப் பார்த்தேன். கழுத்துக்குக் கீழே இரைப்பை கல்லாகக் கிடந்தது.

தோலைப் பதப்படுத்த அதில் என்னென்ன ரசாயனம் போடுகிறார்கள் என்று டேனரியில் வேலை செய்கிற எனக்குத் தெரியாதா? தெரியும். தினமும் அதை மிதித்து நடக்கிறவனுக்கு அது தரை, அவ்வளவுதான். அதை ஒரு உயிர் தின்னும் என்று தோன்றவே இல்லை. புழு மாதிரி சுருண்டு கிடக்கிற பொருளைக் கோழிக்குஞ்சின் காலடியில் பரப்பிவிட்டு, தீவனக் கடைக்காரரோடு சண்டை போட்டிருக்கிறேன். பெட்டியைத் தெருவில் வீசினேன். வேறு பெட்டி எடுத்து, ஆபா வீட்டில் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலைச் சலித்துப் பரப்பினேன். நீலச் சீவலை விழுங்கிய குஞ்சு மறுநாள் செத்தது. ஏழு மிஞ்சின.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஜோலார்பேட்டை வண்டி ஏறினேன். நாய் தூக்கிப் போனது, தூள் பரப்பியது, செத்தது எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னேன். எனக்குப் பொய்யும் சரியாக வராது.

"இன்னாத்தப் பரப்பினீங்க?" என்று இரண்டாவது தடவை கேட்டாள். திரும்பவும் சொன்னேன். அவள் கை வயிற்றின்மேல் போனது. திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "கொழந்த இங்கியே இருக்கட்டும்ங்க. நீங்க ஞாயித்துக்கெழம வந்து பாத்துட்டுப் போங்க."

அதில் கோபமே இல்லை. வார்டில் நோயாளியின் வீட்டாரிடம் பேசுகிற குரலில் சொன்னாள். அத்தை என் தட்டில் கேட்காமலே இன்னொரு கரண்டி கறி போட்டார். எனக்குக் கோபம் வந்திருந்தால் தேவலை. அழுகைதான் வந்தது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

திரும்பி வந்த வண்டியில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து என்னென்னவோ யோசித்தேன். வாதாட என்னிடம் எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்ததும் ஏழும் சேர்ந்து கத்தின. அவற்றுக்குப் பசி. என் துக்கத்தை விசாரிக்க அவற்றுக்கு நேரமில்லை. அரிசி களைந்தேன்.

அடுத்து வந்த மாதங்களை நான் சமையலறையில்தான் கழித்தேன். காலையில் எழுந்ததும் நொய்யை அரைவேக்காடாக வேகவைத்து, வடித்து, தாம்பாளத்தில் பரப்பி ஆறவிடுவேன். கேழ்வரகு மாவை மோர் தெளித்துப் பிசிறி அதோடு கலப்பேன். ஆபா வீட்டு முருங்கை எங்கள் பக்கம் சாய்ந்திருந்தது. கீரையை உருவிப் பொடியாக நறுக்கிப் போடுவேன். மழையில் குஞ்சுகள் தும்மினால் சின்ன வெங்காயம். நெத்திலிக் கருவாட்டை ராத்திரி முழுக்க ஊறவைத்து உப்பை இறக்கி, காயவைத்து, வறுத்து இடித்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் வைத்திருப்பேன். கரண்டு போனால் பல்பு அணையும். அப்போது வெந்நீரைப் பாட்டிலில் ஊற்றித் துணி சுற்றி நடுவில் வைப்பேன். ஏழும் அதை ஒட்டிக்கொண்டு படுக்கும்.

டேனரிக்குப் பின்னால் பழைய விறகு அடுக்கில் கரையான் பிடித்திருந்தது. சாயங்காலம் காலி டிபன் டப்பாவில் அதைத் தட்டி எடுத்து வருவேன். ஒரு நாள் கேட்டில் செக்யூரிட்டி டப்பாவைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். உள்ளே பார்த்தவர், "இன்னா சார், வூட்ல அம்மா இல்லன்னா இந்த அளவுக்கா பேஜார்?" என்று பதறிப்போனார். அடுத்த நாள் முதல் மதிய சாப்பாட்டில் என்னோடு டிபன் பங்கிட்டுக்கொள்ள யாரும் வரவில்லை. எனக்கும் மிச்சம்தான்.

அந்த டிபனும் நானே செய்தது. அது எப்படி ஆரம்பித்தது என்று சரியாக நினைவில்லை. குஞ்சுகளுக்கு வடித்த நொய்யில் ஒரு நாள் கொஞ்சம் அதிகம் போட்டு, என் பங்குக்கு உப்பும் மோரும் சேர்த்துச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. கீரையை நறுக்கத் தெரிந்த பிறகு அதை வதக்குவதற்கு என்ன? மெஸ்ஸுக்குப் போவது நின்றது. நோன்பு மாதத்தில் ஆபா வீட்டிலிருந்து ஒரு சொம்பு கஞ்சி வரும். அதில் உப்பு இருந்ததால் முழுதும் எனக்கே.

உப்பைப் பற்றி எனக்குக் கற்றுக்கொடுத்தது பிரியாணி. முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் எல்லோருக்கும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். ஆம்பூரில் பிறந்த கோழி ஆம்பூர் பிரியாணி தின்னாமல் வளரலாமா என்று எனக்கு ஒரு கிறுக்கு. கறியை எடுத்துவிட்டு வெறும் சோற்றை ஒரு பிடி வைத்தேன். ஆசையாகத்தான் தின்றன. அன்று முழுக்கத் தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகரவில்லை. பெட்டியெல்லாம் கழிசல். ஏற்கெனவே சோனியாக இருந்த ஒரு குஞ்சு கண்ணை மூடிக்கொண்டது. அதன் அலகைப் பிரித்து மோர்த் தண்ணீரைத் துணி நுனியால் சொட்டு சொட்டாக விட்டேன். பிழைத்துக்கொண்டது. அன்றிலிருந்து எதைக் கலந்தாலும் முதலில் ஒரு வாய் நான் போட்டுப் பார்ப்பேன். என் நாக்கில் உப்போ காரமோ தட்டினால் அவற்றுக்குக் கிடையாது. சூடாக இருந்தாலும் கிடையாது.

சொல்லப்போனால் சந்தோஷமாக இருந்தேன். குழந்தையைப் பற்றிய பேச்சு மனசில் முள்ளாகக் கிடந்தது உண்மை. ஆனால் தாம்பாளத்தைக் கீழே வைத்ததும் ஏழும் விழுந்தடித்து ஓடிவரும்போது அது கொஞ்சம் மறந்துபோகும். இறகு முளைத்தது. கழுத்து நீண்டது. தீவனக் கடைக்காரர் ஒரு தடவை வழியில் மறித்து, "சார், கோழிங்கள்லாம் எப்டி?" என்றார். "நல்லா இருக்கு" என்றேன். "இன்னா போடறீங்க?" "வீட்லயே செய்றேன்." அவர் சிரித்துக்கொண்டே போனார்.

ஜனவரியில் பெண் பிறந்தாள். டேனரிக்குப் போன் வந்தது. வீட்டுக்கு வந்து அவசரமாக மாவைக் கலந்து, ஆபாவிடம் தாம்பாளத்தைக் கொடுத்துவிட்டுப் போட்டிருந்த சட்டையோடு ஜோலார்பேட்டைக்கு ஓடினேன். குழந்தையைக் கையில் வாங்கியபோது அத்தை என் சட்டையைப் பார்த்து, "இன்னா மாப்ள, சட்டையெல்லாம் மாவு?" என்றார். என் விரலைக் குழந்தை பிடித்துக்கொண்டது. இவளை விட்டுவிட்டு வண்டியேற வேண்டுமே என்றுதான் முதலில் நினைத்தேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனேன். பிஸ்கட் வாங்கிப் போகவில்லை. பிஸ்கட் தின்கிற வயது வரும்போது வாங்கிப் போகிறவனாக ஆகிவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

ஈஸ்டர் முடிந்த வாரம் மனைவியும் அத்தையும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆம்பூர் வந்தார்கள். லீவு முடிய இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. அதற்கு முன்னால் வீட்டை ஒரு நடை பார்த்துவிட்டுப் போக வந்தார்கள். நான் எதையும் அடுக்கி வைக்கவில்லை. அடுக்கி வைத்தால் கண்டுபிடித்துவிடுவாள்.

கோழிகள் எல்லாம் கொல்லையில் மேய்ந்துகொண்டிருந்தன. ஆறு நன்றாக வளர்ந்திருந்தன. பிரியாணிக் குஞ்சு மட்டும் சோனியாகவே நின்றுவிட்டது. மற்றவை அதைத் தின்ன விடாது. அதனால் அதற்குத் தனியாக ஒரு கிண்ணம். சாயங்காலம் வழக்கம்போலக் கலந்தேன். ஒரு வாய் போட்டுப் பார்த்தேன். புறங்கையில் வைத்துச் சூடு பார்த்தேன். பெரியவற்றுக்குத் தாம்பாளத்தை வைத்துவிட்டு, சோனியை மடியில் வைத்துக்கொண்டு கிண்ணத்தை நீட்டினேன். அது நிதானமாகத்தான் தின்னும். நானும் சும்மா உட்கார்ந்திருந்தேன். யாரும் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இல்லை.

"அடப்பாவமே, மாப்ள கோழி சாப்பாட்டச் சாப்புடறாரு" என்று அத்தையின் குரல் கேட்டது.

திரும்பினேன். மனைவி கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"இன்னாத்துக்குத் தின்னு பாக்கறீங்க?" என்று கேட்டாள்.

"உப்பு ஜாஸ்தியா இருந்தா தெரியணும்ல."

"தெனமுமா?"

"தெனமும்தான்."

அவள் உள்ளே போய், நான் காலையில் வைத்திருந்த ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டாள். இன்னொரு தடவை ஊற்றிக்கொண்டாள். மறுநாள் காலை அத்தை குழந்தையின் துணிகளை எல்லாம் எடுத்துப் பையில் வைத்தார். நான் வாங்கி வைத்திருந்த புதுத் துணிகளையும் சேர்த்து வைத்தார். மூன்று பேரும் வண்டியேறிப் போய்விட்டார்கள். ஏதாவது சொல்வாள் என்று ஸ்டேஷன்வரை காத்திருந்தேன். வண்டி கிளம்பியதும், அவ்வளவுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அன்று டேனரியில் ஒரு லாரிக்காரரிடம் காரணமே இல்லாமல் கத்தினேன்.

லீவு முடிந்து அவளை அழைத்துவரப் போன நாள் வெயில் கொளுத்தியது. ஜோலார்பேட்டை வீட்டில் எல்லாம் கட்டி வைத்திருந்தார்கள். இரண்டு பை, ஒரு கூடை. ஒரு ஆள் ஊருக்குத் திரும்ப எதற்கு இத்தனை மூட்டை என்று யோசித்தேன். கேட்கவில்லை. மாமனார் குழந்தையின் நெற்றியில் சிலுவை போட்டு ஜெபம் பண்ணினார். வழியனுப்ப அத்தையும் ஸ்டேஷனுக்கு வந்தார். மனைவிதான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். கடைசி நேரம் வரை வைத்திருக்கட்டும் என்று நானும் கேட்கவில்லை. எனக்கும் ஒரு தடவை கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று மட்டும் நினைத்தேன்.

பாசஞ்சர் வந்தது. நான் முதலில் ஏறிப் பைகளைப் பலகைமேல் தள்ளினேன். கூட்டத்தில் இடம் பிடிப்பதற்குள் வேர்த்துப்போனது. திரும்பிப் பார்த்தால் மனைவி குழந்தையோடு உள்ளே நிற்கிறாள். அத்தை பிளாட்பாரத்தில் நிற்கிறார். விசில் ஊதியது.

"கொழந்த! கொழந்தய அத்தைகிட்டக் குடு!" என்று கத்தினேன். அவள் அசையவில்லை. இவளுக்குப் பிரிய மனமில்லை, கடைசி நேரத்தில் தடுமாறுகிறாள் என்று நினைத்துப் பதறிப்போய், "வண்டி எடுத்துட்டான், குடும்மா!" என்று ஆட்களை இடித்துக்கொண்டு கதவருகே ஓடினேன். வெளியே அத்தை புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். கையை மட்டும் ஆட்டினார். குழந்தையை வாங்க நீட்டவில்லை. பிளாட்பாரம் நகர்ந்தது.

"எதுக்கு இப்டி ஊரக் கூட்டறீங்க? உக்காருங்க" என்றாள் மனைவி.

உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் என்னையே பார்த்தார்கள்.

"நாளன்னிக்கு எனக்கு டூட்டி, மத்தியானம்" என்றாள். "சாயந்தரம் வரைக்கும் ஆபா வெச்சிருப்பாங்க. அதுக்கப்பறம் நீங்க பாத்துக்குவீங்கன்னு அம்மாகிட்டச் சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டுக் குழந்தையை என் மடியில் வைத்தாள். தலைக்கு என் முழங்கையை மடித்துவிட்டு, ஜன்னலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். உண்மையிலேயே தூங்கிவிட்டாள். வாணியம்பாடி தாண்டும்போது என் கால் மரத்துப்போயிருந்தது. ஆம்பூர் வருகிறவரைக்கும் நான் அதை அசைக்கவில்லை.